வெள்ளைத் தோல் உள்ளவர் எப்படிப் பூர்வகுடி ஆவார்? ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: "ஆஸ்திரேலியாவில் பார்க்க வெள்ளைக்காரர் மாதிரியே இருப்பவர்கள்கூடத் தங்களைப் பூர்வகுடி என்கிறார்களே, சலுகைக்காகவா? அரசு இவ்வளவு செலவழித்தும் அந்த மக்கள் ஏன் இன்னும் பின்தங்கியே இருக்கிறார்கள்?"

நான் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் டயாலிசிஸ் நர்ஸாக வேலை பார்க்கிறேன். கண்டத்தின் நட்ட நடுவில், சிவப்பு மண் சூழ்ந்த, சுமார் 25,000 பேர் வாழும் ஊர். இந்த இடத்துக்குச் சொந்தக்காரர்களான அரெண்டே மக்கள் இதை ம்பான்ட்வா என்பார்கள். சில வருடங்களாக இந்தக் கேள்வியின் நடுவில்தான் என் அன்றாடம் ஓடுகிறது. ஆட்களை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

ஒரு சனிக்கிழமை, என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணும் நானும் கடைக்குப் போயிருந்தோம். அவள் பூர்வகுடி. மூக்கில், கன்னத்தில் செம்புள்ளிகள், பழுப்பு முடி, வெளிர் கண்கள். நான் திசையன்விளைப் பக்கம், நல்ல கறுப்பு. வெளியே வரும்போது காவலுக்கு நின்றவர் என் பையை மட்டும் திறக்கச் சொன்னார். பக்கத்தில் அதே அளவு பையோடு நின்றவளைப் பார்க்கக்கூட இல்லை. காரில் ஏறியதும் அவள் அழுதுவிட்டாள். "அம்மாவோடு வந்தால் எப்போதும் இதுதான். என்னை விட்டுவிட்டு அம்மா பையைத்தான் பார்ப்பார்கள்" என்றாள். அவள் அம்மா என் நிறம்.

அவள் சலுகைக்காகத்தான் பூர்வகுடி என்று சொல்லிக்கொள்கிறாளா என்று இனி யாராவது கேட்டால் எனக்கு அந்தக் கார்தான் ஞாபகம் வரும்.

சரி, அவள் ஏன் வெளிறிப் பிறந்தாள்? அதற்கும் அரசாங்கத்துக்கும் தொடர்பு உண்டு. சென்ற நூற்றாண்டின் முதல் பாதியில் இங்கே அதிகாரிகள் மனிதர்களை இரத்த அளவு வைத்துப் பிரித்தார்கள். நாம் அரை, கால், அரைக்கால் என்று எண்ணெய்க்கும் நிலத்துக்கும் அளவு சொல்வதுபோல, குழந்தைகளுக்கு அந்தப் பெயர்களை வைத்தார்கள். 1937-இல் கான்பெராவில் கூடிய அதிகாரிகள் மாநாடு, கலப்பில் பிறந்தவர்கள் வெள்ளையர் சமூகத்தில் கரைந்து போவதே வழி என்று தீர்மானம் போட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிகளின் 'பாதுகாவலர்' பதவியில் இருந்த நெவில் என்பவர் அதை முன்னின்று பேசியவர். வெளிர் நிறக் குழந்தைகளைத் தாயிடமிருந்து எடுத்து இல்லங்களில் வளர்த்தால், இரண்டு மூன்று தலைமுறையில் அடையாளமே இருக்காது என்பது கணக்கு.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பழைய தந்தி நிலையம் இருக்கிறது. இன்று பூங்கா. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு போய், யூகலிப்டஸ் நிழலில் புளிசாதம் சாப்பிட்டிருக்கிறோம். 1932-லிருந்து 1942 வரை அங்கேதான் 'பங்களா' என்ற குழந்தைகள் இல்லம் நடந்தது. நம் காதுக்கு வசதியான வீடாகக் கேட்கும் அந்தச் சொல், இங்கே வயதானவர்கள் வாயில் வேறு மாதிரி ஒலிக்கும். 1965-இல் பேருந்தில் ஊர் ஊராகப் போய் நிறவெறிக்கு எதிராகப் போராடிய சார்லஸ் பெர்கின்ஸ் அங்கே பிறந்தவர்தான். 1910 முதல் 1970 வரை நாடு முழுக்கப் பத்தில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்று வரை பூர்வகுடிக் குழந்தைகள் இப்படிப் பிரிக்கப்பட்டதாக 1997-இல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. பிரதமர் கெவின் ரட் 2008 பிப்ரவரி 13 அன்று நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். என் தோழியின் பாட்டியும் அப்படி (வேறோர் இல்லத்துக்கு) எடுத்துச் செல்லப்பட்டவர். அவர் தன் மொழியை மறந்துவிட்டார், ஆனால் தன் அம்மா பெயரை மறக்கவில்லை. அந்த ஒரு பெயரை வைத்துத்தான் பல வருடம் கழித்துக் குடும்பம் சேர்ந்தது.

ஆகவே, அடையாளத்தை அழிப்பதற்காகவே நிறத்தை வெளுக்க வைத்துவிட்டு, இப்போது அந்தப் பேத்தியிடம் "நீ வெள்ளையாக இருக்கிறாயே, எப்படிப் பூர்வகுடி?" என்று கேட்பதில் உள்ள கொடுமையை நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

இன்று இரத்த அளவு கணக்கு இல்லை. 1980-களிலிருந்து மூன்று விஷயம் பார்க்கிறார்கள்: பூர்வகுடி வம்சாவளியா, தன்னை அப்படி உணர்கிறாரா, அந்தச் சமூகம் அவரைத் தன் ஆளாக ஏற்கிறதா. எங்கள் ஊரில் புதுசாக யாரையாவது தெருவில் பார்த்தால் கிழவிகள் "நீ யாரு மவ?" என்பார்கள். பெயரோ படிப்போ கேட்க மாட்டார்கள். இங்கேயும் பெரியவர்கள் முதலில் கேட்பது அதுதான்: உன் ஆட்கள் யார், எந்த மண். சான்றிதழும் உண்டு. ஆனால் நம் ஊரில் பழங்குடிச் சான்றுக்கு இருளரும் காட்டுநாயக்கரும் கோட்டாட்சியர் அலுவலக வாசலில் வருடக்கணக்கில் நிற்கிற மாதிரி இல்லை. பெரும்பாலும் பூர்வகுடி அமைப்புகளே கூட்டத்தில் வைத்து, குடும்பத்தை விசாரித்து, முத்திரை போட்டுக் கொடுக்கின்றன.

பூர்வகுடி என்பதற்காக மாதாமாதம் தனியாகப் பணம் எதுவும் வருவதில்லை. வருடம் ஒரு உடல் பரிசோதனை, மாத்திரை விலையில் தள்ளுபடி, மாணவர்களுக்கு உதவித்தொகை, சில ஒதுக்கப்பட்ட வேலைகள் உண்டு. பொய்யாகச் சொல்லி வேலை வாங்குகிறவர்கள் இல்லையா என்றால், அந்தக் கவலை பூர்வகுடிகளுக்கே உண்டு, காரசாரமாகப் பேசுகிறார்கள். அதை அவர்கள் பேசித் தீர்க்கட்டும். நாம் முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

அரசு 'நீ யார்' என்று முடிவு செய்யும்போது ஒரு மனிதனுக்கு என்ன ஆகும் என்பதற்கு இந்த ஊரிலேயே ஒரு கதை இருக்கிறது. ஆல்பர்ட் நமாட்ஜிரா. இங்கிருந்து மேற்கே சுமார் 125 கிலோமீட்டரில் உள்ள ஹெர்மன்ஸ்பர்க்கில் 1902-இல் பிறந்தவர். இந்த மலைகளையும் வெள்ளைத் தண்டு மரங்களையும் நீர்வண்ணத்தில் வரைந்து நாடே கொண்டாடும் ஓவியர் ஆனார். அந்தக் காலத்தில், இந்த ஊர் இருக்கும் வட பிரதேசத்தில், கலப்பில்லாத பூர்வகுடிகள் என்று அரசு கருதியவர்களில் கிட்டத்தட்ட எல்லோர் பெயரும் 'அரசின் பொறுப்பில் உள்ளவர்கள்' என்ற பட்டியலில் இருந்தது. எங்கே வாழ்வது, யாரைக் கட்டுவது என்பதற்கெல்லாம் அனுமதி வேண்டும். 1957-இல் நமாட்ஜிராவையும் மனைவி ரூபினாவையும் அந்தப் பட்டியலில் சேர்க்காமல் விட்டார்கள். அதாவது அவர்கள் முழுக் குடிமக்கள். ஓட்டுப் போடலாம், மது வாங்கலாம். ஆனால் அவர்கள் பிள்ளைகளும் உறவினர்களும் பட்டியலிலேயே.

இனி அவர் நிலையை யோசித்துப் பாருங்கள். உள்ளதைச் சொந்தத்தோடு பகிர்வது அவர் மக்களிடம் கடமை. அதைச் செய்யாதவன் மனிதனே இல்லை. சட்டப்படி அதுவே குற்றம். 1958-இல், உறவினர் ஒருவருக்கு மது கொடுத்ததாக வழக்கு. ஆறு மாதத் தண்டனை, மக்கள் எதிர்ப்பாலும் மேல்முறையீட்டாலும் மூன்று மாதமானது, இரண்டு மாதம் காவலில் இருந்தார். மறு வருடம் இறந்துபோனார். குடியுரிமையை ஒரு தனி ஆளுக்குக் கொடுத்து, அவரைச் சுற்றத்திலிருந்து பிய்த்தெடுத்தார்கள். எனக்கு இதைவிடத் தெளிவாக விளக்கத் தெரியவில்லை.

அடுத்து, 'ஏன் பின்தங்கியிருக்கிறார்கள்'. எண்கள் கசப்பானவை. மக்கள்தொகையில் நாலு சதவீதத்துக்கும் குறைவானவர்கள், ஆனால் சிறையில் இருக்கும் பெரியவர்களில் மூன்றில் ஒருவர் இவர்கள். 2020–22 கணக்கில் மற்றவர்களைவிட ஆயுள் ஆண்களுக்கு 8.8 வருடம், பெண்களுக்கு 8.1 வருடம் குறைவு.

இந்த எண்களிலும் ஒரு சிக்கல் உண்டு. 2016 கணக்கெடுப்பில் பூர்வகுடி என்று குறித்தவர்கள் 6,49,171 பேர். 2021-இல் 8,12,728. ஐந்தே வருடத்தில் 25 சதவீதம். பிறப்பு இறப்புக் கணக்கை வைத்து இதில் பாதியைக்கூட விளக்க முடியாது. முன்பு பயத்திலோ வெட்கத்திலோ மறைத்தவர்கள், பாட்டி யார் என்று பிந்தித் தெரிந்துகொண்டவர்கள் இப்போது குறிக்கிறார்கள். அது நல்ல விஷயம், காயம் ஆறுவதன் அறிகுறி என்றே நினைக்கிறேன். ஆனால் பிரிஸ்பேனில் பட்டம் பெற்று வேலையில் இருக்கும் ஒருவர் 40 வயதில் முதல்முறை குறிக்கும்போது சராசரி வருமானம், சராசரிப் படிப்பு எல்லாம் ஏறுகிறது. பாலைவனத்தில் இருப்பவருக்கு எதுவும் மாறியிருக்காது. பெரும்பாலான பூர்வகுடிகள் நகரங்களிலும் சிற்றூர்களிலும்தான் இருக்கிறார்கள், தொலைதூரப் பகுதிகளில் ஏறக்குறைய 15 சதவீதம்தான். என் டயாலிசிஸ் நாற்காலிகளில் உட்காருபவர்கள் அந்த 15 சதவீதம்.

அவர்களில் ஒருவர், நாங்கள் 'ஆன்ட்டி' என்று அழைப்பவர். ஊர் இங்கிருந்து மேற்கே 500 கிலோமீட்டருக்கு மேல். வாரம் மூன்று நாள், நாளுக்கு நாலைந்து மணி நேரம் இயந்திரத்தில் இருக்க வேண்டும். அதனால் பேரப்பிள்ளைகளையும் தன் மண்ணையும் விட்டுவிட்டு இங்கே உறவினர் வீட்டில், மூன்று அறையில் பன்னிரண்டு பேரோடு இருக்கிறார். நெருக்கடியான வீடு, ஓடாத வாஷிங் மெஷின், கார்டில் காசு தீர்ந்தால் நின்றுபோகும் கரண்ட். இதெல்லாம் சிறுநீரகத்துக்கு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நெருக்கடியில் சொறி சிரங்கு பரவும், அதில் கிருமி தொற்றும், சிறு வயதில் திரும்பத் திரும்ப வரும் அந்தத் தொற்று சிறுநீரகத்தைப் புண்ணாக்கும். எடை குறைந்து பிறந்த குழந்தைக்குச் சிறுநீரக வடிகட்டிகளே குறைவு. அப்புறம் சர்க்கரை நோய். மாட்டுப் பண்ணைகளில் தலைமுறைகளாகக் கூலிக்குப் பதில் மாவும் சர்க்கரையும் தேயிலையும் அளந்த வரலாறு அந்த உணவுப் பழக்கத்தில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. 1968 டிசம்பரில் சம ஊதியம் அமலுக்கு வந்ததும் பல பண்ணைகள் ஆட்களையே வெளியேற்றின.

செலவு என்கிறீர்கள். சிறைக்கும் காவலுக்கும் ஆம்புலன்ஸ் விமானத்துக்கும் ஆவதும் அந்தச் செலவில்தான் வருகிறது. யாரிடம் கேட்டுச் செலவழித்தார்கள் என்பதைப் பாருங்கள். 2007-இல் மத்திய அரசு ராணுவ உதவியோடு வட பிரதேசக் கிராமங்களில் இறங்கியபோது, இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தையே ஓரம் வைத்துவிட்டு, மக்களின் உதவித்தொகையில் பாதியைப் பிடித்து வைத்தார்கள். அவர்கள் தாங்களே செய்துகொண்டது வேறு மாதிரி. மேற்கே பாலைவனத்தில் உள்ள கின்டோர் என்ற கிராமத்தின் பக்கத்து ஓவியர்கள் 2000-இல் சேர்ந்து பெரிய ஓவியங்கள் தீட்டி, சிட்னியில் ஏலம் விட்டு, பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். ஊரிலேயே டயாலிசிஸ் இயந்திரம் வேண்டும் என்பதற்காக. 2004-இல் கின்டோரில் இயந்திரம் ஓடத் தொடங்கியது. அதுதான் இன்று பர்ப்பிள் ஹவுஸ் என்ற டயாலிசிஸ் அமைப்பு. 2018-இல்தான் அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் இப்படிப்பட்ட தொலைதூர டயாலிசிஸுக்குத் தனியாகப் பணம் தரத் தொடங்கியது. 2023 அக்டோபர் 14 வாக்கெடுப்பில், தங்களைப் பற்றிய முடிவுகளில் ஆலோசனை சொல்ல ஓர் அமைப்பு வேண்டும் என்று கேட்டார்கள். நான் ஆம் போட்டேன். நாடு 60 சதவீதம் இல்லை என்றது.

ஒரு நாள் ஆன்ட்டிக்கு எங்கள் ஊர்த் தேரிக்காட்டுப் படத்தைப் போனில் காட்டினேன். செக்கச்சிவந்த மணலைப் பார்த்து, "இது என் மண் மாதிரி இருக்கிறது" என்று வெகுநேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என் சொந்தங்களை விசாரித்தார். அம்மாவின் அக்காவை நாங்கள் பெரிய அம்மா என்போம், அப்பாவின் தம்பி சின்ன அப்பா, அவர் பிள்ளைகள் எனக்கு அண்ணன் தம்பி, மாமா பிள்ளைகள்தான் வேறு முறை என்றேன். "வெள்ளைக்காரர்களுக்கு இது புரியாது, உனக்குச் சொல்ல வேண்டியதே இல்லை" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மானுடவியல் படித்தவர்கள் நம் முறையையும் இவர்கள் முறையையும் வெகுகாலமாக ஒப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு அது அந்த நாற்காலி ஓரத்தில்தான் தெரிந்தது.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், துக்கத்துக்குப் போய் டயாலிசிஸைத் தவறவிட்டவர்களின் கோப்பில் 'ஒத்துழைக்காதவர்' என்று எழுதுவார்கள். யார் இறந்தது என்று கேட்டு, 'ஒன்றுவிட்ட' உறவு என்றால் அது காரணமாகவே சேராது. போன மாதம் ஆன்ட்டி இரண்டு தவணை வரவில்லை. திரும்பி வந்தபோது கால் வீங்கி, மூச்சு வாங்கியது. ஊசி போட்டு இயந்திரத்தை ஓடவிட்டு, என்ன ஆயிற்று என்று மெதுவாகக் கேட்டேன். அவர்கள் வழக்கப்படி இறந்தவர் பெயரைச் சொல்லவில்லை. அப்பாவின் தம்பி மகன் என்று கூட வந்த பெண் சொன்னாள். காரணம் எழுதும் கட்டத்தில் நான் 'தம்பி இறப்பு' என்று எழுதினேன்.