ஓவன் அளவுக்கு மீறிச் சூடேறுகிறதா? கேள்வி பதில்

வீட்டு ஓவன்களைப் பழுது பார்ப்பது என் தொழில். வைத்த சூட்டைத் தாண்டிப் போகும் ஓவன்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். படிக்கும் முன் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள்: உங்கள் ஓவன் தாமதமாக அணைகிறதா, அணையவே மறுக்கிறதா? தாமதமாக அணைந்தால் பொறுமையாகச் சரிசெய்யலாம். அணையவே இல்லை என்றால் அதை உடனே நிறுத்திவிட வேண்டும்.

கேள்வி: ஐயா, 180 டிகிரியில் வைத்தால் கேக்கின் மேல்பகுதி கருகிவிடுகிறது, நடுவே மாவு வேகாமல் இருக்கிறது. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் போய்விட்டது என்கிறார்கள். மாற்றிவிடட்டுமா?

பதில்: அளந்து பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள். ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி நடுத்தட்டின் மையத்தில் வையுங்கள். 180-இல் அரை மணி நேரம் காயவிடுங்கள். பிறகு கதவைத் திறக்காமல் கண்ணாடி வழியாகவே பார்த்து, முள் எட்டும் உச்சத்தையும் இறங்கும் அடிமட்டத்தையும் நான்கைந்து சுற்றுகளுக்குக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த ஓவனும் 180-இல் அசையாமல் நிற்பதில்லை. சூடேற்றும் சுருள் எரியும், அணையும், மறுபடி எரியும். திருகும் குமிழ் உள்ள வகைகளில் சூடு இருபுறமும் 15, 20 டிகிரி ஊசலாடுவது வழக்கம். உச்சத்தை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். சராசரியைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. மின்விசிறி ஓடும் முறையில் சமைக்கிறீர்களா? அப்படியானால் செய்முறையில் சொன்னதைவிட 20 டிகிரி குறைத்து வைக்க வேண்டும். முன்சூடு முடியும் முன்பே தட்டை உள்ளே வைத்தாலும் மேல்பகுதி கருகும். பல ஓவன்கள் விரைவாகச் சூடேற, அந்த நேரத்தில் மேல் சுருளையும் சேர்த்து எரிக்கின்றன.

கேள்வி: அதே ஆள்தான், ஐயா. விசிறி இல்லாத முறைதான். அளந்தேன். 205-க்கும் 235-க்கும் நடுவே ஆடுகிறது.

பதில்: சராசரி 220. அதாவது 40 டிகிரி அதிகம். குறை இருப்பது உண்மை. ஆனால் அணைந்து அணைந்து எரிகிறது, ஆகவே தெர்மோஸ்டாட் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

முதலில் குமிழைப் பாருங்கள். துடைப்பதற்காகக் கழற்றி மாட்டும்போது உட்புறம் விரிசல் விட்டு, தண்டின் மேல் நழுவி நிற்பதுண்டு. முகப்பு 180 காட்டும், தண்டு 220-இல் நிற்கும். குமிழை முழுவதுமாக அணைத்த நிலைக்குத் திருப்புங்கள். குறி பூஜ்யத்தில் நிற்கவில்லை என்றால் காரணம் கிடைத்துவிட்டது.

குமிழ் சரியாக இருந்தால் அடுத்தது உணர்முனை. மெயின் சுவிட்சை அணைத்து, ஓவன் நன்றாக ஆறிய பிறகு உட்சுவரைப் பாருங்கள். தெர்மோஸ்டாட்டிலிருந்து ஒரு மெல்லிய குழாய் உள்ளே வரும். அதன் நுனி விரல் நீளத்துக்குத் தடித்திருக்கும். அதற்குள் திரவம் இருக்கிறது. சூடேறினால் திரவம் விரிந்து மறுமுனையில் உள்ள தகட்டைத் தள்ளும், தகடு மின்சாரத்தைத் துண்டிக்கும். இந்த நுனி கொக்கியிலிருந்து நழுவிச் சூடு குறைவான மூலையில் ஒதுங்கினாலும், பாத்திரத்துக்குப் பின்னால் மறைந்தாலும், எண்ணெய்ப் பிசுக்கு தடிமனாக மூடினாலும், உள்ளே உள்ள சூடு அதற்குத் தாமதமாகவோ குறைவாகவோதான் எட்டும். பிசுக்கை ஈரத் துணியால் துடைத்து, நுனியைக் கொக்கியில் மாட்டி மறுபடி அளந்து பாருங்கள். குழாயை மடக்கிவிடாதீர்கள். அது கீறித் திரவம் கசிந்தால் தகட்டைத் தள்ள எதுவும் இருக்காது, ஓவன் அணையவே அணையாது.

இத்தனைக்குப் பிறகும் 220 காட்டினால், அப்போது தெர்மோஸ்டாட்டை மாற்றுங்கள். புதியதும் அதே சூட்டு வரம்பும் அதே குழாய் நீளமும் உள்ளதாக இருக்க வேண்டும்.

கேள்வி: சூட்டை அளக்கும் துப்பாக்கி போன்ற கருவி இருக்கிறது. அதில் அளக்கலாமா?

பதில்: அது காற்றின் சூட்டைக் காட்டாது, எதிரே உள்ள பரப்பின் சூட்டை மட்டுமே காட்டும். பளபளக்கும் உலோகத்தில் தவறாகக் காட்டும். கண்ணாடிக் கதவு வழியாகப் பிடித்தால் கண்ணாடியின் சூடுதான் தெரியும். தெர்மாமீட்டரே போதும்.

கேள்வி: என்னுடையது டிஜிட்டல் ஓவன். திரையில் 200, உள்ளே 230. சென்சாரைச் சோதிப்பது எப்படி?

பதில்: மல்டிமீட்டர் இருந்தால் எளிது. மெயினை அணைத்து, சூட்டை உணரும் சென்சாரின் இணைப்பைக் கழற்றி, அதன் மின்தடை எத்தனை ஓம் என்று பாருங்கள். பல ஓவன்களில் இருப்பது பிளாட்டினம் சென்சார். 25 டிகிரியில் ஒரு வகை 1,097 ஓம் அளவிலும், இன்னொரு வகை 549 ஓம் அளவிலும் காட்டும். சூடு ஏற ஏற இந்த எண்ணும் ஏறும். முதல் வகையில் டிகிரிக்குச் சுமார் நான்கு ஓம். ஆகவே காட்ட வேண்டியதைவிட 40 ஓம் குறைவாகக் காட்டினால், ஓவனைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகை உண்மையைவிடச் சுமார் 10 டிகிரி குறைவாகச் சூடு இருப்பதாக நினைத்து மேலும் சூடேற்றும்.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இணைப்பு துருப்பிடித்தால் ஓம் கூடும், அப்போது ஓவன் சூடு *குறைவாகவே* ஏறும். அதிகச் சூட்டுக்குத் துருவைக் காரணம் காட்டினால் ஏற்காதீர்கள். சூடு ஏற ஏற ஓம் குறையும் வேறு வகைச் சென்சார்களும் உண்டு. உங்களுடையது எது என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்சார் சரியாக இருந்தால் அமைப்புப் பட்டியலில் சூட்டைத் திருத்தும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பல டிஜிட்டல் ஓவன்களில் உண்டு. ஆனால் வித்தியாசம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால் இந்தத் திருத்தம் நோயை மறைக்கும் வேலை. அதைச் செய்யாதீர்கள்.

கேள்வி: அணைத்த பிறகும் என் ஓவன் சூடேறிக்கொண்டே இருக்கிறது. விசிறியும் ஓடுகிறது.

பதில்: இரண்டையும் பிரித்துப் பாருங்கள். அலமாரிக்குள் பொருத்திய ஓவன்களில் அணைத்த பிறகும் குளிர்விக்கும் விசிறி சிறிது நேரம் ஓடுவது இயல்பு. ஆனால் அணைத்த பிறகும் சுருள் சிவந்தே இருந்தால், அல்லது தெர்மாமீட்டர் ஏறிக்கொண்டே போனால், இப்போதே மெயின் சுவிட்சை அணையுங்கள். பெரும்பாலும் சுருளுக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் பிறகு எந்தப் பொத்தானுக்கும் அது கட்டுப்படாது. பழுது நீங்கும் வரை ஒருமுறைகூடப் பயன்படுத்தாதீர்கள். ஓவனைப் பிளக்கிலிருந்து எடுத்து வைப்பது இன்னும் நல்லது.

கேள்வி: சிந்துவதைத் தடுக்க அடித்தளத்தில் அலுமினியத் தாள் விரித்திருக்கிறேன். அதனால் ஏதும் ஆகுமா?

பதில்: ஆகும். எடுத்துவிடுங்கள். சூட்டை மேலே திருப்பி ரொட்டியின் அடியைக் கருக்கும், காற்று வழியை அடைக்கும், எனாமலிலும் ஒட்டிக்கொள்ளும். கீழ்த்தட்டில் ஒரு பழைய தட்டை வைத்துச் சமைப்பது பாதுகாப்பு.

கேள்வி: எரிவாயு ஓவன். மிகக் குறைந்த அளவில் வைத்தாலும் 200 வரை போகிறது.

பதில்: பல எரிவாயு ஓவன்களில் தெர்மோஸ்டாட் சுடரை முழுவதும் அணைப்பதில்லை, சிறு சுடராகக் குறைக்கிறது. அந்தச் சிறு சுடரின் அளவு கூடுதலாகத் திருகி வைக்கப்பட்டிருந்தால் சூடு இறங்கவே இறங்காது. இதை எரிவாயு வேலைக்குத் தகுதி பெற்றவர்தான் திருத்த வேண்டும். சுடர் மஞ்சளாக எரிந்தால் அன்றைய சமையலையே நிறுத்துங்கள். கார்பன் மோனாக்சைடு வரலாம், அதற்கு வாசனை கிடையாது.

கேள்வி: பாதுகாப்புத் துண்டிப்பான் அடிக்கடி விழுகிறது. அதை நேராக இணைத்துவிட்டால் தொல்லை தீரும் என்கிறார் ஒருவர்.

பதில்: அவரைத் திரும்பக் கூப்பிடாதீர்கள். தெர்மோஸ்டாட்டும் ரிலேயும் தவறும்போது உங்கள் வீட்டுக்கும் தீக்கும் நடுவே நிற்பது அந்தச் சிறு துண்டிப்பான் ஒன்றுதான். அது விழுகிறது என்றால் எங்கோ சூடு மிஞ்சுகிறது. குளிர்விக்கும் விசிறி நின்றிருக்கிறதா, பின்புறக் காற்று வழி அடைபட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மைக்ரோவேவும் ஓவனும் சேர்ந்த சாதனம். நீங்கள் சொன்ன சென்சார் சோதனையை அதில் செய்யலாமா?

பதில்: வேண்டாம். தெர்மாமீட்டர் வைத்து அளப்பதை மட்டும், மைக்ரோவேவ் ஓடாத ஓவன் முறையில், நீங்களே செய்யுங்கள். மூடியைக் கழற்றாதீர்கள். பிளக்கை எடுத்த பிறகும் அதன் மின்தேக்கியில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். அளந்த எண்களைத் தாளில் எழுதிப் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.