கழுதையோடு போட்டி போடும் வண்டி

வணக்கம் சார்,

மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன், ஊர் பென்னாகரம். புராஜெக்டுக்காக ஒரு மலைப்பாதை வண்டியைக் கான்செப்டாக வரைந்திருக்கிறோம். கோட்டூர் மலை மாதிரி ரோடு இல்லாத ஊருக்கு 500 கிலோ சரக்கு ஏற்றிப் போகவேண்டும் என்பது எண்ணம். சுமையோடு மொத்தம் 2,000 கிலோ. நான்கு சக்கரத்திலும் 300 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை) தரும் ஹப் மோட்டார், அதாவது சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் மோட்டார், 33 இஞ்ச் டயர், வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்) 3,200 மிமீ, அகலம் 1,900 மிமீ. அடியில் பேட்டரி, அதற்கும் தரைக்கும் 300 மிமீ. 30 டிகிரி ஏறவேண்டும். படம் இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு வரும்?

— ஒரு வாசகர், பென்னாகரம்

தம்பி, வணக்கம்.

படம் அழகாக இருக்கிறது. முகப்பு, விளக்கு, கூரை ரேக் எல்லாம் வரைந்து முடித்துவிட்டு, மிச்சமிருந்த இடத்தில் சக்கரத்தைச் செருகியிருக்கிறீர்கள். டயருக்கு மேலே 50 மிமீ இடைவெளிதான் தெரிகிறது. மலைப்பாதையில் சக்கரம் 120 மிமீ மேலே ஏறும், அதே நேரம் ஸ்டியரிங்கும் முழுக்கத் திரும்பியிருக்கும். அந்த நிலையில் டயர் அடைக்கும் இடத்தை முதலில் வரையுங்கள். பாடி அதற்கு வெளியேதான் தொடங்க முடியும்.

இனி மோட்டார். 2,000 கிலோவை 30 டிகிரியில் நிறுத்தி வைக்கவே 9,810 நியூட்டன் வேண்டும். உருட்டுக்கல்லும் புழுதியும் கிடக்கிற பாதையில் உருளும் எதிர்ப்பை, சரிவில் தரையை அழுத்துகிற எடையில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால் இன்னொரு 1,700. ஆக 11,500. டயரின் ஆரம் 0.4 மீட்டர், எனவே சக்கரங்களில் 4,600 நியூட்டன் மீட்டர் வேண்டும். உங்களிடம் இருப்பது 1,200. இந்த வண்டி தார் ரோட்டில் 8 டிகிரி ஏறும், அந்தப் பாதையில் 3 டிகிரியோடு நின்றுவிடும்.

நான்கால் வகுத்து, சக்கரத்துக்கு 1,150 இருந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். ஏற்றத்தில் எடை பின்னால் சாயும். உங்கள் வண்டியின் எடைமையம் 750 மிமீ உயரத்தில் இருந்து, வீல்பேஸை 2,500-க்குக் குறைத்தால், எடையில் மூன்றில் இரண்டு பங்கு பின் ஆக்ஸிலில் உட்காரும். இழுக்கிற வேலையும் அங்கேதான். பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் 1,500-க்கு மேல் தேவை. முன்சக்கரம் லேசாகி, மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும்.

ஹப் மோட்டாரே கூடாது என்று சொல்லவில்லை. 1971-இல் அப்பல்லோ 15 நிலவுக்குக் கொண்டுபோன ஊர்தியில் சக்கரத்துக்கு ஒரு மோட்டார்தான், அதுவும் கால் குதிரைத்திறன். ஆனால் ஒவ்வொன்றிலும் 80-க்கு 1 கியர் குறைப்பு இருந்தது (மோட்டார் 80 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று), போன இடத்தில் ஈர்ப்பும் ஆறில் ஒரு பங்கு. இன்றைய மெர்சிடிஸ் ஜி 580-இலும் நான்கு மோட்டார்கள் உண்டு. அவை சக்கரத்துக்குள் இல்லை, சேஸியில், அதாவது அடிச்சட்டத்தில், இருக்கின்றன. அதிலும் லோ ரேஞ்ச் என்ற மெதுவான கியர் தனியாக உண்டு. கியர் இல்லாமல் மலை ஏற யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை.

உங்கள் வேலைக்கு ஆக்ஸிலுக்கு ஒரு மோட்டார் போதும். 200 நியூட்டன் மீட்டர் மோட்டாரைச் சேஸியில் மாட்டி, 18-க்கு 1 குறைப்பு வையுங்கள். இழப்பு பத்து சதவீதம் போனாலும் பின் ஆக்ஸிலில் 3,240 கிடைக்கும். 6,000 ஆர்பிஎம்மில் வேகம் மணிக்கு 50 கிமீ. அந்த மலையில் 50 போனால் வண்டிக்கு அல்ல, உங்களுக்குத்தான் ஆபத்து. உச்ச ஏற்றத்தில் 5 கிமீ வேகத்துக்குத் தேவையான பவர் 16 கிலோவாட்தான். ஆனால் அதைக் கால்மணி நேரம் விடாமல் தரவேண்டும். கேட்லாக்கில் பீக் டார்க்கைப் பார்த்து மோட்டார் வாங்கினால் பாதி மலையில் சூடாகி கன்ட்ரோலர் கைவிட்டுவிடும். தொடர் டார்க், அதாவது சூடாகாமல் நெடுநேரம் தருகிற டார்க், என்ன என்று கேளுங்கள்.

அடுத்து முறிவது ஆக்ஸில் ஷாஃப்ட், சக்கரத்தைச் சுழற்றும் தண்டு. டிஃப் லாக் போட்டு (இரண்டு பின்சக்கரமும் சேர்ந்தே சுற்றும்படி பூட்டி) ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் நின்றால், பின் எடை முழுவதும் மற்றச் சக்கரத்தில். மோட்டார் சுழலும் வேகத்தின் உதையும் சேர்ந்தால், டயர் வழுக்குவதற்குள் அந்த ஷாஃப்டில் 3,700 நியூட்டன் மீட்டர் வரை ஏறிவிடும். 30 மிமீ ஷாஃப்ட் என்றால் முறுக்கு அழுத்தம் 700 மெகாபாஸ்கல், 35 மிமீ என்றால் 440. ஐந்தே மில்லிமீட்டரில் இவ்வளவு வித்தியாசம், ஏனென்றால் விட்டம் மும்மடியாக வேலை செய்கிறது. லேத் பட்டறையில் கைக்குக் கிடைக்கிற இஎன் 8 ரக எஃகு இரண்டையும் தாங்காது. அதைவிட வலுவான இஎன் 24 வாங்கி, ஹீட் ட்ரீட்மென்ட் கொடுத்து, 35 மிமீயில் கடையச் சொல்லுங்கள். ஸ்ப்ளைன் (தண்டின் முனையிலுள்ள பல்வெட்டு) முடிந்து தண்டு தொடங்குகிற இடத்தைக் கூர்மூலையாக வெட்டிவிட்டால் விரிசல் அங்கேதான் பிறக்கும். 3 மிமீ ரேடியஸ் கேட்டு வாங்குங்கள், டர்னர் முணுமுணுத்தாலும்.

சின்னாறு மாதிரி ஓடையில் இறங்கும்போது இன்னொன்று நடக்கும். ஏறி இறங்கிச் சூடான ஆக்ஸில் சட்டென்று குளிரும், உள்ளே காற்று சுருங்கும், ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். டிரெய்ன் பிளக்கைக் கழற்றினால் மோர் மாதிரி வெளுத்து ஒழுகும். சீலை மாற்றுவதால் இது தீராது. பிரீதரில், அதாவது ஆக்ஸில் மூச்சுவிடுகிற துளையில், ஒரு ரப்பர் குழாய் மாட்டி, சீட்டு உயரத்துக்குக் கொண்டுபோய் முடியுங்கள். ஐம்பது ரூபாய் வேலை.

33 இஞ்ச் டயரை விட்டுவிடுங்கள். 29-க்கு வந்தால் உயரத்தில் இழப்பது 50 மிமீதான், டார்க் தேவை 12 சதவீதம் குறையும், டயர் அகலமும் குறையும். வீல்பேஸ் 3,200 இருந்தால் 300 மிமீ அடி உயரத்தில், மேட்டில் இடிக்காமல் நடுவயிறு தாண்டும் கோணம் தோராயமாக 21 டிகிரி. அதே உயரத்தில் 2,500 என்றால் 27.

அகலம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு. தேர்தல் நேரத்தில் வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதை சுமந்து போகிற மலை அது. உங்கள் போட்டியாளர் அந்தக் கழுதை. அது போகிற தடத்தில் 1,900 மிமீ வண்டி எங்கே நுழையும்? மாருதியின் சின்ன ஜீப் ஜிம்னியே 1,645 மிமீதான்.

பதிவு, ஒப்புதல் பற்றி இப்போது கவலை வேண்டாம். கையால் கட்டிய வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்ட முடியாது, சொந்தக் காட்டில் சோதியுங்கள்.

அதற்குமுன், வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு, 1,650 மிமீ நீளத்தில் ஒரு மூங்கிலைக் குறுக்காகப் பிடித்து அந்தப் பாதை முழுக்க நடந்து பாருங்கள். 2,500 மிமீயில் இன்னொன்று எடுத்து, இரண்டு முனையிலும் 300 மிமீ கால் கட்டி, பாதையின் நீளவாக்கில் வைத்து வைத்துப் போங்கள். மூங்கில் எந்தப் பாறையில் உட்காருகிறது, எந்த மரத்தில் இடிக்கிறது என்று எழுதி அனுப்புங்கள். பிறகு பேட்டரியை எங்கே வைப்பது என்று பேசலாம்.