கப்பல் கேள்விகள்: யாருக்கு எது ஒத்துவரும்?

சேலம் ஐந்து ரோடு பக்கம் டிக்கெட் போடும் கடை நடத்தும் நம் பயண அக்கா பதில் சொல்கிறார்.

கேள்வி: அக்கா, நாங்கள் இரண்டு பேர், மகன், மருமகள், 5 வயதிலும் 2 வயதிலும் பேரப்பிள்ளைகள், 78 வயதில் என் மாமியார். சிங்கப்பூரிலிருந்து கப்பலில் போக ஆசை. சுத்த சைவம். கெண்டிங் ட்ரீம் போங்கள் என்கிறார் ஒருவர், ராயல் கரீபியன் கம்பெனிக் கப்பல்தான் என்கிறார் இன்னொருவர். எது நல்ல கப்பல்?
- வாசகி, செவ்வாய்ப்பேட்டை

பதில்: பொதுவாக எது நல்ல கப்பல் என்று கேட்டால் சொல்ல முடியாது அம்மா. ஏற்காட்டுக்குப் போனால் உங்கள் வீட்டில் யார் என்ன செய்வார்கள் என்று கேட்டுத்தான் நான் கப்பலே சொல்வது. கோடை விழா நெரிசலில் படகுத் துறையில் வரிசை கட்டி நிற்பதே சந்தோஷம் என்பவர்கள் உண்டு. எஸ்டேட் பங்களா வராந்தாவை விட்டு நகராதவர்களும் உண்டு. கப்பல் கம்பெனிகளும் இந்த இரண்டு கூட்டத்துக்கும் தனித்தனியாகத்தான் கப்பல் விடுகின்றன. ஏழு பேர் சேர்ந்து கிளம்பும் உங்களுக்குக் கூட்டம் ஒரு பிரச்சினையே இல்லை. பார்க்க வேண்டியது சாப்பாடும் பாட்டியின் காலும்தான்.

சாப்பாட்டுக்குக் கெண்டிங் ட்ரீம். நம் ஊர்க்காரர்கள் நிறைய ஏறும் கப்பல், இந்தியச் சைவமும் ஜெயின் சாப்பாடும் அங்கே உண்டு. ஆனால் கப்பல்காரர்களின் இந்தியச் சைவம் பெரும்பாலும் பனீர், பருப்பு, ரொட்டி என்று வடக்குப் பக்கம் சாயும். பாட்டிக்கு ரசம் இல்லாமல் ஆகாது என்றால் பொடி டப்பாவோடு கிளம்புங்கள். ராயல் கரீபியனிலும் சைவம் கிடைக்கும், பட்டினி கிடக்க மாட்டீர்கள். அதன் பலம் விளையாட்டு. குவாண்டம் வகைக் கப்பல் என்றால் காற்றில் மிதக்கவிடும் கூண்டு இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 300 அடி உயரத்துக்குத் தூக்கிக் காட்டும் கண்ணாடி அறையும் இருக்கிறது. பத்து வயதுக்கு மேல் பிள்ளைகள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைச் சொல்லியிருப்பேன். உங்கள் சின்னவனுக்கு இதெல்லாம் எதற்கு? அங்கே குழந்தைகள் கிளப்பில் விடக்கூட மூன்று வயது ஆகியிருக்க வேண்டும், டயப்பரும் கூடாது. இப்போதைக்குக் கெண்டிங், பிள்ளைகள் வளர்ந்ததும் மற்றது.

இனி பாட்டி. கெண்டிங் ட்ரீம் 335 மீட்டர் நீளம். வால் பக்கத்தில் அறை கிடைத்தால் சாப்பிடப் போய் வருவதற்குள் பாட்டிக்கு மூச்சு வாங்கும். ஏஜெண்ட் விலைப்பட்டியலைத்தான் நீட்டுவார். நீங்கள் தளத்தின் வரைபடத்தைக் கேளுங்கள். லிஃப்டுக்கு நாலு அறை தள்ளி, அதாவது லிஃப்ட் வாசலிலேயே இல்லாமல், ஓர் அறையைக் காட்டிக் கேளுங்கள். அந்த அறைக்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். நீச்சல்குளத் தளம் இருந்தால் விடியும் முன்பே தலைக்கு மேல் நாற்காலி இழுப்பார்கள். மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கும் தளம்தான் நிம்மதி. சக்கர நாற்காலி வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

கப்பல் போகும் ஊரையும் பார்த்து எடுங்கள். மலேசியாவின் பினாங்கில் கப்பல் துறைமுகத்திலேயே கட்டும். இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் லிட்டில் இந்தியா, 1833-ல் கட்டிய மாரியம்மன் கோயில், நம் சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் வந்துவிடும். பாட்டி தமிழிலேயே பேரம் பேசலாம். தாய்லாந்தின் புக்கெட்டில் பாதோங் கடற்கரைப் பக்கம் நிற்கும் கப்பல்களிலிருந்து சின்னப் படகுக்கு மாறிக் கரைக்குப் போக வேண்டும், அலையில் ஆடும் படகில் காலை வைத்து இறங்குவது 78 வயதில் வேண்டாத வேலை. அதனால் பினாங்கு போகும் பயணமாகத் தேர்ந்தெடுங்கள்.

விலையைப் பொறுத்தவரை, டிப்ஸ், துறைமுக வரி எல்லாம் சேர்த்து ஏழு பேருக்கு மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். டிப்ஸை ஆளுக்கு, நாளுக்கு என்று கணக்குப் போடுவார்கள், ஏழு பேர் என்றால் அது சின்னத் தொகை இல்லை. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருப்பதால் நாமக்கல் வழியாகக் காரில் போய் ஏறிவிடலாம். முதல் நாளே போய்ச் சேருங்கள். கப்பல் யாருக்காகவும் நிற்காது.

கேள்வி: எங்களுக்கு ஏற்காடு நாகலூர் பக்கம் காபித் தோட்டம். நானும் மனைவியும் மட்டும். கூச்சல், சூதாட்டம், டி.ஜே. எதுவும் வேண்டாம். எங்களுக்கெல்லாம் கப்பல் இருக்கிறதா?
- வாசகர், ஏற்காடு

பதில்: நீங்கள் நான் சொன்ன இரண்டாவது கூட்டம் சார். வைக்கிங் கம்பெனியின் கப்பல்களில் 18 வயதுக்குக் கீழே யாரையும் ஏற்ற மாட்டார்கள், சூதாட்டக் கூடமும் கிடையாது. கடல் கப்பல் என்றால் ஆயிரம் பேருக்குள், ஐரோப்பிய ஆற்றில் ஓடுவது என்றால் 190 பேர் அளவில். பணம் அதிகம்தான், ஆனால் ஊர் சுற்றிக் காட்டுவதையும் பெரும்பாலும் அதிலேயே சேர்த்துவிடுவார்கள். ஆற்றில் அலை கிடையாது, நகரத்தின் நடுவிலேயே இறங்கலாம். ஒரு எச்சரிக்கை: ரைன் நதியில் கோடைக் கடைசியில் தண்ணீர் வற்றினால் கப்பல் ஓடாது, பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். 2018-லும் 2022-லும் அந்தக் கூத்து நடந்தது. வசந்த காலத்தில் போங்கள்.

அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் நம் நாட்டு ஆற்றுக் கப்பல் கங்கா விலாஸ். 2023 ஜனவரியில் வாரணாசியில் தொடங்கியது, மொத்தம் 36 பேர்தான். அசாமின் திப்ருகர் வரை 51 நாள் போன பயணம் அது. நீங்கள் அத்தனை நாள் தோட்டத்தை விட்டு வர மாட்டீர்கள் என்று தெரியும். சின்னப் பகுதியாகக் கேளுங்கள், காபிப் பழம் பறித்து முடித்த கையோடு கிளம்பலாம்.

கேள்வி: ஏற்காடு பஸ்ஸில் நாலாவது கொண்டை ஊசியிலேயே வாந்தி எடுப்பவன் நான். மனைவி சென்னையிலிருந்து கார்டிலியா கம்பெனிக் கப்பலில் போகலாம் என்கிறாள். தாங்குமா?
- வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: தாங்கும் தம்பி. 20 வளைவு ஏறுவதும் கடலில் மிதப்பதும் ஒன்றல்ல, ஆட்டத்தைக் குறைக்கக் கப்பலின் இரு பக்கமும் துடுப்பு மாதிரி இறக்கைகள் இருக்கும். ஆனால் கார்டிலியாவின் எம்ப்ரஸ் 1990-ல் கட்டிய, இன்றைய அளவுக்குச் சின்னக் கப்பல். பெரிய கப்பலைவிடக் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். பால்கனி ஆசையை விட்டு, கீழ்த் தளத்தில் நடுப்பகுதி அறையாக எடு, காசும் மிச்சம். மாத்திரையை டாக்டரிடம் கேட்டு ஏறுவதற்கு முன்பே போடு, குமட்டல் வந்த பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை. முதல் தடவை இரண்டு இரவுப் பயணம் போதும். மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவமழை அடிக்கும் மாதங்களில்தான் அந்தக் கப்பல் வழக்கமாகச் சென்னைப் பக்கம் வரும், அதைப் பார்த்து லீவு போடு. இலங்கை போகும் பயணம் என்றால் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் இப்போதே விண்ணப்பித்துவிடு.