கிராஜுவிட்டின்னா கம்பெனி இஷ்டப்பட்டா தர்ற அன்பளிப்பா?

கேள்வி: தனியார் கம்பெனில பர்மனென்ட்டா 6 வருஷம் 7 மாசம் வேலை பாத்துட்டு ரிசைன் பண்ணிட்டேன். வேலையை விடும்போது கம்பெனி மொத்தமா தர்ற கிராஜுவிட்டி பணத்தைக் கேட்டா, "அந்த வார்த்தைக்கே அன்பளிப்புன்னுதான் அர்த்தம், ரிட்டயர் ஆனவங்களுக்குத்தான் தருவோம்"னு எச்ஆர் சொல்றாரு. உண்மையா சார்?

பதில்: அர்த்தம் வரைக்கும் சரிதான். லத்தீன்ல இருந்து பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்த வார்த்தை, டிப்ஸுக்கும் அங்க இதே பேருதான், நாமளும் பணிக்கொடைன்னுதானே சொல்றோம். ஆனா 1972லயே சட்டம் போட்டு இதை உரிமையா ஆக்கியாச்சு, 2025 நவம்பர் 21ல இருந்து சமூகப் பாதுகாப்பு சட்டத் தொகுப்புக்குள்ள வந்துருச்சு, பேரு மட்டும்தான் பழசு. 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்ற கம்பெனின்னா, 5 வருஷம் முடிச்சவர் ரிசைன் பண்ணாலும் குடுத்தே ஆகணும்.

கணக்கு சிம்பிள். கடைசி மாச பேசிக்கும் டிஏவும் (பஞ்சப்படி) சேர்த்து 26,000 ரூபான்னு வைங்க, 26ஆல வகுத்து 15ஆல பெருக்கினா ஒரு வருஷத்துக்கு 15,000. உங்க 6 வருஷம் 7 மாசத்தை 7 வருஷமா எடுக்கணும், ஆக 1,05,000. அலவன்ஸ் மொத்த சம்பளத்துல பாதிக்கு மேல இருந்தா புது சட்டப்படி இன்னும் கூடும்.

இப்போ முக்கியமான விஷயம். "ஃபுல் அண்ட் ஃபைனல், இனி பாக்கி எதுவும் இல்ல"ன்னு ஒரு பேப்பரை நீட்டுவாங்க, அதுல கிராஜுவிட்டி தொகை தனி வரியா இல்லேன்னா கையெழுத்து போடாதீங்க. ஏற்கனவே போட்டுட்டீங்கன்னா பயப்படவும் வேணாம், எழுதி வாங்கிட்டதால இந்த உரிமை போயிடாது. அடுத்தது ஆஃபர் லெட்டர்ல சிடிசிக்குள்ள (உங்களுக்காக கம்பெனி வருஷத்துக்கு செலவு பண்ற மொத்தத் தொகை) பேசிக்ல 4.81 சதவீதம்னு கிராஜுவிட்டியை சேர்த்துக் காட்டுறது, 5 வருஷத்துக்குள்ள கெளம்புறவங்க அந்தக் காசை கண்ணால கூட பாக்க மாட்டாங்க, சம்பளம் பெருசா தெரியணும்னே போடுறது அது. அப்புறம் லேபர் ஆபீஸ் வாசல்ல "நான் முடிச்சுத் தரேன், இத்தனை பர்சன்ட் குடுங்க"ன்னு வர்ற ஆளுங்க, தயவுசெஞ்சு நம்பாதீங்க, மனு எழுத வக்கீலே தேவையில்ல.

5 வருஷக் கணக்கு பாக்கவே கூடாத ஒரு இடம் இருக்கு. வேலைல இருக்கும்போதே ஒருத்தர் இறந்துட்டா, 2 வருஷம்தான் ஆகியிருந்தாலும் நாமினிக்கு, நாமினி இல்லேன்னா வாரிசுக்கு குடுக்கணும், எங்க, எப்படி இறந்தாருன்னெல்லாம் கேள்வி கிடையாது. 5 வருஷம் ஆகலையேன்னு சொல்லி எத்தனையோ குடும்பத்தை திருப்பி அனுப்புறாங்க, அந்த நேரத்துல அவங்களுக்கு சட்டம் படிச்சுட்டா வர முடியும்? தெரிஞ்சவங்களுக்கு சொல்லி வைங்க.

நீங்க இப்போ கம்பெனிக்கு ரிஜிஸ்டர் தபால்லயும் மெயில்லயும் எழுதிக் கேளுங்க, வேலையை விட்ட நாள்ல இருந்து 30 நாளைக்குள்ள தரணும், தாண்டினா வட்டியும் சேரும். தரலேன்னா கிராஜுவிட்டி விஷயத்தை விசாரிக்கிற தொழிலாளர் துறை அதிகாரிகிட்ட மனு. அங்க வாய்தா மேல வாய்தா போட்டு இழுப்பாங்க, சட்டத்துல 30 நாள்னு எழுதினவங்க இதுக்கும் ஒரு கெடு கட்டாயமாக்கி இருக்கலாம், கேக்கவே எரிச்சலாத்தான் இருக்கு. அதனால அப்பாயின்ட்மென்ட் லெட்டர், கடைசி பே ஸ்லிப், ரிலீவிங் லெட்டர் மூணையும் ஜெராக்ஸ் எடுத்து வச்சுட்டு ஒவ்வொரு வாய்தாவுக்கும் நேர்ல போய் நில்லுங்க.