ஐ.வி.ஏ.வில் இருக்கும்போது வங்கிக் கணக்கும் வாடகை வீடும்

தம்பி, தேவகோட்டையில் இருந்து இங்கிலாந்து வந்த கொஞ்ச நாளில் வேலை போய், கிரெடிட் கார்டுக் கடன் ஏறி, இப்போது ஐ.வி.ஏ. (கடன் கொடுத்தவர்களோடு சட்டப்படி செய்துகொள்ளும் தவணை ஒப்பந்தம்) போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். லெஸ்டரை விட்டு ரெடிங் பக்கம் புது வேலைக்குப் போகிறீர்கள். புதுக் கணக்குத் திறக்க விடுவார்களா, வீடு கிடைக்குமா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எப்படி, ஊரில் தெரிந்துவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். நான் காரைக்குடிக்காரன். 2009இல் கம்பெனியை மூடிவிட்டதால் நானும் அதே ஒப்பந்தத்தில் ஐந்து வருடம் கட்டியவன். அதனால் முதல் இரண்டு கேள்விக்கும் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் வங்கி. உங்களுக்குக் கடன் கொடுத்த வங்கியில் சம்பளம் விழக் கூடாது. கார்டோ ஓவர்டிராஃப்டோ பாக்கி இருந்தால், அதே வங்கியில் இருக்கும் உங்கள் பணத்தை எடுத்துக் கடனில் வரவு வைக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஒப்பந்தம் உறுதியாவதற்கு முன் என் சம்பளத்தில் பாதி அப்படித்தான் போனது. அந்த மாதம் வீட்டில் அரிசி வாங்கவே யோசிக்க வேண்டியிருந்தது. கடன் பாக்கி இல்லாத வேறு வங்கியில் திறங்கள். பெயர் வேறாக இருந்தாலும் குழுமம் ஒன்றாக இருக்கலாம், அதையும் பாருங்கள். ஹாலிஃபாக்ஸும் லாயிட்ஸும் ஒரே குழுமம், ஃபர்ஸ்ட் டைரக்ட் எச்.எஸ்.பி.சி.யைச் சேர்ந்தது.

வங்கியில் போய் ‘பேசிக் அக்கவுண்ட்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஓவர்டிராஃப்ட் கிடையாது, டெபிட் கார்டு, டைரக்ட் டெபிட் எல்லாம் உண்டு. சட்டப்படி இங்கே வசிப்பவருக்கு, கடன் வரலாறு மோசம் என்பதற்காகப் பெரிய வங்கிகள் இதை மறுக்க முடியாது. 2016இல் வந்த ஏற்பாடு இது. என் காலத்தில் இல்லை. ஒவ்வொரு கிளையாக ஏறி இறங்கினேன். இன்று வருகிறவர்கள் இந்த உரிமை இருப்பதே தெரியாமல், மறுத்துவிட்டார்கள் என்று திரும்பி வருவதைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இன்னொன்று, மனைவியோடு கூட்டுக் கணக்கு வேண்டாம். கூட்டுக் கணக்கு திறந்தால் இருவருடைய கிரெடிட் ஃபைலும், அதாவது கடன் வரலாற்றுப் பதிவும், பிணைந்துவிடும். ஒரே வீட்டில் இருப்பதால் மட்டும் அப்படிப் பிணையாது. மனைவியின் ஃபைல் சுத்தமாக இருப்பது வீடு எடுக்கும்போது உதவும்.

வீட்டு விஷயத்தில் நம்மவர்கள் சொல்லும் யோசனைதான் எனக்குப் பெரிய வருத்தம். “ஏஜென்ட்டிடம் மறைத்துவிடு, இல்லையென்றால் நம்ம ஆள் ஒருத்தர் வீட்டில் ரொக்கத்துக்கு ரூம் எடு” என்பார்கள். இரண்டையும் செய்யாதீர்கள். ஐ.வி.ஏ. பொதுப் பதிவேட்டில் இருக்கிறது, கிரெடிட் ஃபைலில் தொடங்கிய நாளில் இருந்து ஆறு வருடம் நிற்கும். ஏஜென்ட் பார்த்த உடனே தெரிந்துவிடும். பொய் சொல்லியிருந்தால், வீட்டை நமக்காகப் பிடித்துவைக்க ஒரு வார வாடகை வரை வாங்கும் ஹோல்டிங் டெபாசிட்டைத் திருப்பித் தர வேண்டியதில்லை. பணம் கட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். ரொக்க ரூமில் ஒப்பந்தக் கடிதம் இருக்காது, கவுன்சில் வரி பில் உங்கள் பெயரில் வராது, முகவரிச் சான்று இல்லாமல் வங்கியிலும் அலைய வேண்டும். முறையான வாடகையில் டெபாசிட் பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் 30 நாளுக்குள் பாதுகாப்புத் திட்டத்தில் போட வேண்டும். ஊர்ப்பாசம் பேசி வாங்கிய ரொக்க முன்பணத்தைத் திருப்பித் தராதவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

முன்பு ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கொடுத்து வீடு பிடிப்பார்கள். 2026 மே முதல் புது வாடகை ஒப்பந்தத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் முன்கூட்டி வாங்க இங்கிலாந்தில் தடை. ஆகவே கையில் இருக்க வேண்டியது காகிதம்: சம்பளச் சீட்டுகள், பழைய வீட்டுக்காரரின் கடிதம், தவணை தவறாமல் கட்டுகிறீர்கள் என்று உங்கள் ஐ.வி.ஏ.வை நடத்தும் மேற்பார்வையாளர் தரும் கடிதம். வருடச் சம்பளம் மாத வாடகையைப் போல் 30 மடங்கு இருக்கிறதா என்று பல ஏஜென்ட்டுகள் பார்ப்பார்கள். குறைந்தால் ஜாமீன் கேட்பார்கள்.

எங்கள் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன காலத்தில் குடும்ப விலாசத்தை, அதாவது குடும்பத்தின் தொழில் பெயரெழுத்துகளை, சொன்னால் போதும், நகரத்தார் தங்கித் தொழில் நடத்தும் கிட்டங்கியில் படுக்க இடம் கிடைக்கும் என்பார்கள். அந்த விலாசத்தை வைத்து இங்கே ஒரு கதவும் திறக்கவில்லை. கடைசியில் லண்டன் ஈஸ்ட் ஹாமில் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர்தான், மேற்பார்வையாளர் கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, “ஒழுங்காகக் கட்டுறீங்கள்தானே, பிறகென்ன?” என்று சாவியைத் தந்தார். போரில் எல்லாம் இழந்து வந்தவர் அவர். எங்கள் பிள்ளைகள் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிட்டார்கள். தீபாவளிக்கு என் மனைவி சுடும் கந்தரப்பம் முதலில் அவர் வீட்டுக்குத்தான் போகும்.

சரி, பள்ளிக்கூடத்துக்கு ரெடிங் கவுன்சிலில் விண்ணப்பியுங்கள். ஊர் விஷயம்: பதிவேட்டில் பெயர் போட்டு யாரும் தேடலாம். ஒப்பந்தம் முடிந்து மூன்று மாதத்தில் எடுத்துவிடுவார்கள். அம்மாவுக்கு நீங்களே சொல்லிவிட்டால் நல்லது.

அப்புறம், ரெடிங்கில் வாடகை லெஸ்டரைவிட அதிகம். கையெழுத்துப் போடும் முன் மேற்பார்வையாளருக்குப் புது வாடகையைத் தெரிவித்து, தவணையைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள்.