தெசோபோனோவும் ஜி.கே.ஓ.வும்: கேள்வி பதில்

1994-இல் மெக்சிகோவும் 1998-இல் ரஷ்யாவும் வெளிநாட்டினர் கையில் குறுகியகால அரசுக் கடன் பத்திரங்களைக் குவித்துவிட்டுத் திணறின. மெக்சிகோவின் பத்திரம் தெசோபோனோ, ரஷ்யாவினது ஜி.கே.ஓ. அவற்றை ஒப்பிடச் சொன்ன எல்லையோர வாசகர்களுக்கு, வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற அன்பர் அளித்த பதில்கள் இவை.

கொழிஞ்சாம்பாறை: ஐயா, இரு நாட்டுப் பத்திரங்களுக்கும் அடிப்படை வேறுபாடு என்ன?

பதில்: ரஷ்யாவின் ஜி.கே.ஓ. முழுவதும் ரூபிள் கணக்கு. மெக்சிகோவின் தெசோபோனோவோ பெசோவில் தீர்க்கப்பட்டாலும் டாலர் மதிப்போடு பிணைக்கப்பட்டது. 1994 மார்ச்சில் ஆளுங்கட்சி வேட்பாளர் கொலோசியோ கொல்லப்பட்டபின், பெசோ சரியும் என்று அஞ்சியவர்கள் பெசோப் பத்திரமான செத்தெஸை வாங்கத் தயங்கினர். அவர்களைத் தக்கவைக்க அரசு தெசோபோனோவை மேலும் மேலும் வெளியிட்டதால், மதிப்பிறக்க ஆபத்து வாங்கியவரை விட்டுக் கருவூலத்தின் தலையில் ஏறியது. ஆண்டிறுதியில் நிலுவை ஏறத்தாழ 2,900 கோடி டாலர். நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்போ சுமார் 600 கோடி டாலர். வட்டியைப் பார்க்குமுன் முதிர்வு நாளையும் கையிருப்பையும் பாருங்கள்.

நகரி: எதில் வட்டி அதிகம்?

பதில்: ஜி.கே.ஓ.வில். 1998 ஆகஸ்ட் நடுவில் ஈவு, அதாவது வாங்கியவருக்குக் கிடைக்கும் ஆண்டு வருவாய் வீதம், 100 சதவீதத்தைத் தாண்டியது. பணம் திரும்பாது என்று சந்தை கணித்ததன் அடையாளம் அது.

கொல்லங்கோடு: வளைகுடாவிலிருந்து நாங்கள் அனுப்பும் வைப்புத்தொகையும் இதில் சேருமா?

பதில்: வைப்பு பத்திரம் அன்று. அதைத் தனியே பேச வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை: மீண்டும் குறுக்கிடுகிறேன். சொந்த நாணயத்தில் கடன்பட்ட ரஷ்யா ரூபிளை அச்சிட்டுத் தந்திருக்கலாமே? டாலரில் சிக்கிய மெக்சிகோ தப்பியிருக்க, ரஷ்யா தவறியது எப்படி?

பதில்: நல்ல வாதம். ஆனால் பத்திரம் முதிர்ந்து ரூபிள் கைக்கு வந்ததும் வெளிநாட்டினர் அதைக்கொண்டு மாஸ்கோவில் காய்கறி வாங்கப் போவதில்லை. டாலராக மாற்றவே வரிசையில் நிற்பர். மாற்று விகிதத்தை ஒரு வரம்புக்குள் காப்பதாக வாக்களித்த மத்திய வங்கி, கேட்டவருக்கெல்லாம் கையிருப்பிலிருந்து டாலரை எடுத்துக் கொடுத்தாக வேண்டும். ஆக, அந்த வாக்கு நிற்கும்வரை ரூபிள் கடனும் டாலர் கடனே. மெக்சிகோ பெசோவை அச்சிட்டிருந்தால் பெசோ மேலும் சரிந்து, டாலரோடு பிணைந்த கடன் அதே வேகத்தில் பெருகியிருக்கும். மெக்சிகோவைக் காத்தது பத்திரத்தின் அமைப்பன்று. 1995-இல் அமெரிக்கா திறந்த 2,000 கோடி டாலர் வரையிலான உதவியும் பன்னாட்டு நிதியத்தின் 1,780 கோடியும்தான். ரஷ்யாவுக்கு 1998 ஜூலையில் 2,260 கோடி அறிவிக்கப்பட்டும், நிதியம் முதல் தவணையாகத் தந்த 480 கோடி டாலர், ரூபிளைக் காப்பதிலேயே கரைந்தது. ஆகஸ்ட் 17 அன்று விகித வரம்பும் தளர்ந்தது, ஜி.கே.ஓ. தீர்வும் நின்றது.

புத்தூர்: ரூபிள் சரிவுக்கு வெளிநாட்டு முதலீட்டாளர்கள் காப்புத் தேடவில்லையா?

பதில்: தேடினர். பின்னாளில் டாலரைத் தருவதற்கான விலையை இன்றே உறுதிசெய்யும் முன்பேர ஒப்பந்தங்களை ரஷ்ய வங்கிகளிடமே வாங்கினர். அதே ஆகஸ்ட் 17 அன்று ரஷ்யா அறிவித்த 90 நாள் கடன் தவணை நிறுத்தம் அவற்றையும் முடக்கியது. கடனாளி நாட்டின் வங்கியிடமே காப்பு வாங்காதீர்கள் என்று இனியும் எத்தனை முறைதான் சொல்வது?

திருத்தணி: ஐயா, எதில் வட்டி அதிகம் கிடைத்தது?

பதில்: நகரி அன்பருக்குச் சொல்லியாயிற்று.

குப்பம்: இந்தியா இதை எப்படிக் கையாள்கிறது?

பதில்: 2014 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, வெளிநாட்டு முதலீட்டாளர்கள் குறுகியகால அரசுப் பத்திரமான டிரெஷரி பில் வாங்குவதை நிறுத்தி, முதிர ஓராண்டோ அதற்கு மேலோ எஞ்சிய அரசுப் பத்திரங்களுக்கே அனுமதி தந்தது. 2018-இல் கதவை மீண்டும் திறந்தபோதும், ஓராண்டுக்குள் முதிர்வன ஒவ்வொருவரின் இருப்பிலும் குறித்த பங்கைத் தாண்டலாகாது என்று வரம்பிட்டது.