வல்லமையும் ஒப்புக்கொடுத்தலும்

மதிப்பிற்குரிய ஐயா,

ஆறு ஆண்டுகளாக வாரம் ஒரு நாள் உபவாசமிருந்து ஆவியின் வரங்களுக்காக ஜெபித்து வருகிறேன். என் ஜெபத்தால் ஒரு நோயாளிகூடக் குணமடைந்ததில்லை. விசுவாசம் போதவில்லை என்கிறார் ஓர் ஊழியர். வல்லமையைத் தேடுவதே தவறு, தேவசித்தத்துக்கு ஒப்புக்கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள் என்கிறார் இன்னொருவர். நான் என்ன செய்ய?

ஒரு வாசகர்

அன்புள்ள சகோதரருக்கு,

வல்லமையை விரும்புவது தவறல்ல. பரிசுத்த ஆவி வரும்போது பெலனடைவீர்கள் என்று வாக்களித்தவர் ஆண்டவரே. ஆனால் அது சாட்சிகளாயிருப்பதற்கென்று தரப்பட்டது, சீஷர்களும் காத்திருந்துதான் பெற்றார்கள். வேதாகமத்தில் அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்தில் வரும் மாயவித்தைக்காரன் சீமோன் ஞானஸ்நானம் பெற்றவன்தான். இருந்தும், தான் கைவைக்கிறவர்கள் ஆவியைப் பெறும்படியான அதிகாரத்துக்காகப் பணத்தை நீட்டினான். அப்போஸ்தலனாகிய பேதுரு பணத்தை மட்டும் கண்டிக்கவில்லை, அவனுடைய இருதயம் செம்மையாக இல்லை என்றும் சொன்னார். உபவாச நாட்களைக் கணக்கு வைத்துப் பலனை எதிர்பார்க்கும்போது நாமும் ஒரு விலையைத்தான் நீட்டுகிறோமோ என்று எனக்கு அச்சமுண்டு.

இதை என்னிடமே கண்டதால் சொல்கிறேன். படுக்கையிலிருந்த நண்பர் ஒருவரின் தலைமேல் கைவைத்து ஜெபித்தபோது என் குரல் மேலும் மேலும் உயர்ந்தது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, "மெதுவாக ஜெபியுங்கள், தலை வலிக்கிறது" என்றார். நோய் போவதைப் பார்க்கும் ஆவலில் நோயாளியை மறந்திருந்தேன்.

ஆனால் ஒப்புக்கொடுப்பது என்பது சும்மா இருப்பதல்ல. சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில் இயேசு, பாடுகளின் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கவேண்டும் என்ற தம் விருப்பத்தை மறைக்காமல் பிதாவிடம் சொல்லிவிட்டே, உம்முடைய சித்தத்தின்படி ஆகட்டும் என்றார். அதற்குப் பிறகுதான் தேவதூதன் தோன்றி அவரைப் பலப்படுத்தினான் என்று லூக்கா எழுதுகிறார். பலப்பட்டவர் முன்னிலும் ஊக்கமாக ஜெபித்தார், பாத்திரமோ நீங்கவில்லை. அவருக்குக் கிடைத்த பலம் அதைக் குடிப்பதற்கானதாக இருந்தது.

விசுவாசம் போதவில்லை என்ற பேச்சை மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மாம்சத்தின் முள் என்று தாம் சொன்ன வேதனை நீங்கும்படி மூன்றுமுறை வேண்டிய அப்போஸ்தலன் பவுலுக்கு, கிருபை போதும் என்ற பதில்தான் கிடைத்தது. அவரே, அன்பை நாடுங்கள், ஞானவரங்களையும் விரும்புங்கள் என்று அன்பை முதலில் வைத்து எழுதினார்.

ஆகவே உபவாசத்தையும் விடவேண்டாம், கேட்பதையும் விடவேண்டாம். கண்தெரியாத பர்திமேயுவிடமே, நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று ஆண்டவர் கேட்டார். அடுத்தமுறை ஒரு நோயாளியைப் பார்க்கப் போகும்போது நீங்களும் அவரிடம் அப்படிக் கேட்டு, அவர் சொல்வதையே ஜெபியுங்கள். ஆமென் சொன்ன பிறகும் சற்று நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.